மானியம் யாரை விவசாயி என்கிறது?

'விவசாயிக்கு மானியம்' என்கிறபோது நாம் மானியத்தைப் பற்றியே சண்டை போடுகிறோம். கேள்விக்கு உட்படுத்த வேண்டியது 'விவசாயி' என்ற சொல்லை. உழுகிறவரா? பத்திரம் வைத்திருப்பவரா? கூலிக்குப் பருத்தி எடுக்கிற பெண்ணா? சர்க்கார் படிவம் இதுல ஒருத்தரைத்தான் ஒத்துக்கொள்ளும். அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தின் சன்ஃபிளவர் கவுண்டியை (நம்மூர் தாலுகா மாதிரி) வைத்து இதைப் பார்க்கலாம்.

1933-இல் பருத்தி விலை விழுந்து கிடந்தது. சாகுபடியைக் குறைத்தால் பணம் என்றது ரூஸ்வெல்ட் அரசு. அந்தக் கோடையில் தெற்கு மாநிலங்களில் சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. அரசு ஒப்பந்தம் போட்டது நிலவுடைமையாளரோடு. வாரத்துக்கு உழுத கறுப்பர்களின், ஏழை வெள்ளையர்களின் பங்கு அவர் கை வழியாகத்தான் வர வேண்டும். பல இடங்களில் வரவே இல்லை. சாகுபடி குறைஞ்சா ஆள் எதுக்கு என்று குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். 1935-இல் இதைத் தடுக்கப் பார்த்த வேளாண் துறை வழக்கறிஞர்களுக்கும் வேலை போனது. உழைப்பவரை நிலத்திலிருந்து கழற்றிவிடும் கருவியாகவும் மானியம் வேலை செய்தது.

யாருக்கு எத்தனை ஏக்கர் அனுமதி என்பதைக் கவுண்டிதோறும் விவசாயிகளே தேர்ந்தெடுத்த கமிட்டிகள் முடிவு செய்தன. கேட்க ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1960களின் நடுவரை தெற்கில் இவை அநேகமாக முழுக்க வெள்ளை நிலவுடைமையாளர் சபைகள். மிசிசிப்பியின் குடியுரிமை இயக்கத்தார் 1964-இல் ஓட்டுரிமையோடு நிற்காமல் இந்தக் கமிட்டித் தேர்தல்களிலும் கறுப்பு விவசாயிகளை நிறுத்தியதன் அர்த்தம் இதுதான்: அதிகாரம் வாஷிங்டனில் மட்டும் இல்லை, கவுண்டி ஆபீஸ் மேசையிலும் இருக்கிறது.

சன்ஃபிளவர் கவுண்டியின் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம். ஒருவர் செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாண்ட். இனப் பிரிவினையின் காவலர், செனட்டின் வேளாண் குழு உறுப்பினர். 1960களின் இறுதியில் அவருடைய பருத்திப் பண்ணைக்கு ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்கு மேல் மானியம் போனது. மற்றவர் ஃபேனி லூ ஹேமர். பண்ணையில் 18 ஆண்டு உழைத்தவர். 1962-இல் வாக்காளராகப் பதியப் போன அன்றே பண்ணையிலிருந்து துரத்தப்பட்டார். 1969-இல் அவர் தொடங்கிய 'சுதந்திரப் பண்ணை' கூட்டுறவு 1970களின் நடுவில் கடன் சுமையில் நிலத்தை இழந்தது. இருவரில் யார் விவசாயி?

உச்சவரம்பு வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். 1970 சட்டம் ஒருவருக்கு ஒரு பயிருக்கு 55,000 டாலர் என வரம்பு போட்டது. உடனே ஒரு பண்ணை காகிதத்தில் பல கம்பெனிகளாகக் கிளை விட்டது. இந்த வித்தைக்கு 'மிசிசிப்பி கிறிஸ்துமஸ் மரம்' என்றே பெயர் வந்தது. நம்மூர் நில உச்சவரம்பையும் பினாமியையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1996 சட்டம் இன்னும் ஒரு படி போனது. பழைய சாகுபடி ஏக்கர் கணக்கில் இருந்தால் போதும், இப்போது பயிரிட வேண்டியதில்லை. 2000க்குப் பிறகு விவசாயமே செய்யாதவர்களுக்கு 130 கோடி டாலர் போனதாக 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் எழுதியது. 2014-இல் அந்த நேரடித் தொகை நின்றது. ஆனால் பழைய ஏக்கர் கணக்குதான் இன்றும் முக்கியப் பயிர் மானியங்களுக்கு அடிப்படை. அந்தக் கணக்கில் நேற்று யாருக்கு இடம் மறுக்கப்பட்டதோ அவருக்கு இன்றும் பங்கில்லை.

கடனில் பாகுபாடு காட்டியதாகக் கறுப்பு விவசாயிகள் 1997-இல் தொடுத்த வழக்கில் 1999-இல் அரசு சமரசத்துக்கு வந்தது. இழப்பீடு கிடைத்தது, பலருக்கு அதற்குள் நிலம் போய்விட்டிருந்தது. 2021-இல் அறிவித்த கடன் தள்ளுபடி, வெள்ளை விவசாயிகள் போட்ட வழக்குகளில் முடங்கி 2022-இல் ரத்தானது. 'இது இனப் பாகுபாடு' என்பது அவர்கள் வாதம்! பல பத்தாண்டுகள் வெள்ளைக் கமிட்டிகள் பங்கு பிரித்தது மட்டும் நடுநிலை ஆகிவிட்டது.

ஆக, மானியம் கூடாது என்பதல்ல பேச்சு. பத்திரத்துக்கா, உழைப்புக்கா என்பதுதான் பேச்சு. எந்த ஊரில் மானியப் படிவம் வந்தாலும் 'விவசாயி' என்று போட்டிருக்கிற கட்டத்தை முதலில் படியுங்கள். யாருடைய பெயரை அதில் எழுத முடியாது என்று பாருங்கள்.