சீட்டு மேசையில் மேல்முறையீடு

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிக்கும் அன்பர்கள் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள் பொருட்டு முதலில் ஒரு செய்தி. 1967-ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், ரம்மி திறமை மேலோங்கிய ஆட்டமே என்று முடிவு கூறிய உச்ச நீதிமன்றம், அதற்கு ஒப்புமையாக எடுத்துக் காட்டியது பிரிட்ஜ் ஆட்டத்தையே. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தனும் சிப்நாத் சர்க்காரும் இவ்வாட்டத்திலேயே நமக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தனர்.

திறமையே பேச வேண்டும் என்பதற்காகப் போட்டிகளில் ஒரு மேசையில் ஆடிய சீட்டுகளை அப்படியே பாதுகாத்து அடுத்த மேசைக்கு அனுப்புகின்றனர். ஒரே கையை அனைவரும் ஆடுவதால், நல்ல சீட்டு வரவில்லை என்ற சாக்கு எடுபடுவதில்லை. ஆனால் இதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு மேசையில் நடுவர் அளிக்கும் தீர்ப்பு, அந்நால்வரை மட்டுமன்றிக் கூடத்திலுள்ள ஏனையோரின் வரிசையையும் மாற்றிவிடும்.

ரேணிகுண்டாவுக்கும் காளத்திக்கும் இடையேயுள்ள ஏர்பேட்டில், ஒரு ஞாயிறு மாலை எட்டு மேசைகள் கூடுவதாக வைத்துக்கொள்வோம். எதிரணியினர் நான்கு இஸ்பேட் என்று ஏலம் கூறுகின்றனர். நம்மவர் ஒருவர் நெடுநேரம் யோசித்து, பிறகு 'பாஸ்' என்கிறார். அவருடைய கூட்டாளியோ துணிந்து ஐந்து ஹார்ட் கூறுகிறார். எதிரணி 'டபிள்' சொல்ல, இரண்டு பிடி குறைந்து 300 புள்ளி இழப்பு. நான்கு இஸ்பேட்டை ஆட விட்டிருந்தால் இழப்பு 420. எதிரணியினர் நடுவரை அழைக்கின்றனர்.

யோசிப்பது குற்றமன்று. ஆயின், அந்த யோசனையிலிருந்து கூட்டாளி பயன் பெறலாகாது. தயக்கமே சுட்டிக் காட்டிய வழியை, வேறு நியாயமான வழி இருக்கையில் அவர் தேர்ந்தெடுத்தல் கூடாது என்பது விதி. வேறு வழி இருந்ததா என்பதை நடுவர் எவ்வாறு அறிவார்? அந்தக் கையையும் அதுவரை நடந்த ஏலத்தையும், தயக்கத்தைப் பற்றி வாய் திறவாமல், ஒத்த தகுதியுடைய சிலரிடம் கூறி, "நீங்களாயின் என் செய்வீர்கள்?" என்று வினவுவார். கணிசமானோர் 'பாஸ்' என்பதைக் கருதி, சிலரேனும் அதையே தேர்ந்தால், கணக்கு 420 எனத் திருத்தப்படும்.

இனி மேல்முறையீடு. 'முறையிடுதல்' என்ற நம் சொல்லில் அரசன் வாயிலில் நின்று அரற்றும் தொனி ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது சற்று உறுத்தும். இங்கு அரற்றலுக்கு இடமில்லை. மதிப்பெண் வெளியான 30 நிமிடங்களுக்குள், அமைப்பாளர் வேறு கால அளவு குறித்திராவிடில், நடுவர் மூலமாகவே முறையீடு செய்தல் வேண்டும். கூட்டாளிகள் இருவரும் இசைய வேண்டும். ஒருவர் கொதித்தெழுந்து, மற்றவர் "போகட்டும், விடுங்கள்" என்றால் விசாரணை இல்லை. பாதி வழக்குகள் இந்த இடத்திலேயே தணிந்துவிடக்கூடும் என்பது என் எண்ணம்.

முறையீட்டுக் குழுவின் அதிகாரம் நம் நீதிமன்ற வழக்கத்துக்கு நேர்மாறானது. உரிமையியல் வழக்கில் இரண்டாம் மேல்முறையீடு சட்டப் பிரச்சினையையே நாடும். சாட்சியங்களை மீண்டும் கிளறாது. இங்கோ, தயக்கம் இருந்ததா, வேறு வழி இருந்ததா என்பனவற்றைக் குழு புதிதாக ஆராயலாம். ஆனால் விதியின் பொருளிலும், ஒழுங்கு நடவடிக்கையிலும் நடுவரின் முடிவை மாற்ற அதற்கு உரிமையில்லை. மறுபரிசீலனை செய்யுமாறு பரிந்துரைக்கலாம், அவ்வளவே. குழுவே இல்லாவிடில் தலைமை நடுவரே கேட்டு முடிவு கூறுவார்.

சிற்றூர்ப் போட்டியின் இடர்ப்பாடு இங்குதான் முளைக்கிறது. நடுவரே ஒரு மேசையில் ஆடிக்கொண்டிருப்பார். குழுவில் அமரத் தகுந்த மூவரில் ஒருவர் முறையிடுபவரின் சம்பந்தியாகவும், மற்றொருவர் அந்த 120 புள்ளி வேறுபாட்டால் தாமே முதலிடத்துக்கு உயர்பவராகவும் இருக்கலாம். இத்தகையோரை விலக்கினால் ஆளே மிஞ்சாது. ஆகவே, திருப்பதியிலோ சென்னையிலோ உள்ள அனுபவமிக்க ஒருவரைத் தொலைபேசியில் கலந்துகொள்ள ஆட்டத்துக்கு முன்பே ஏற்பாடு செய்து, அதனை அறிவித்துவிடுதல் நலம். அவரிடம் கையை மட்டும் கூறினால் போதும். ஆடியவர் பெயரைக் கூற வேண்டியதில்லை. உலகப் போட்டிகளிலும் இப்போது குழுவுக்குப் பதிலாக மீளாய்வாளர் ஒருவரே அமர்கிறார். நடுவர் போதிய பேரைக் கலந்தாரா, விதியைச் சரிவரப் பொருத்தினாரா என்பதையே அவர் பெரிதும் நோக்குகிறார்.

வீண் முறையீட்டைத் தடுக்க முன்பணம் கேட்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. சிற்றூருக்கு அது வேண்டாம் என்பேன். பணமுள்ளவர் முறையிடுவார், பையன்கள் வாயடைத்துப் போவார்கள். விதி நூலின் 83-ஆம் பிரிவு இன்னொரு வழியைக் காட்டுகிறது. தம் முடிவு மறுஆய்வுக்கு உரியது என்று நடுவருக்கே தோன்றினால், முறையிடும் உரிமை உண்டென்பதை அவரே ஆட்டக்காரருக்கு எடுத்துரைக்க வேண்டும், அல்லது விஷயத்தைத் தாமே குழுவிடம் ஒப்படைக்கலாம். ஏர்பேட்டு மேசையில் 420 என்று எழுதிய நடுவர், தாம் வினவிய ஐவரில் இருவரே 'பாஸ்' என்றிருந்தால், பரிசளிப்பைச் சிறிது தள்ளிவைத்து, தோற்ற இளைஞர் இருவரிடமும் இதைச் சொல்லிவிடலாம்.