உங்களுக்குத் தெரியுமா? முதல் 14 மாத்திரைகள்

2019-இல் உலகில் இதய, ரத்தநாள நோய்களால் இறந்தவர்கள் சுமார் 1.79 கோடி பேர். அவர்களில் 85 சதவீதத்தினரைக் கொண்டுபோனவை மாரடைப்பும் பக்கவாதமும்தான்.

நெஞ்சுவலியோடு சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் புறப்பட்டால், பூந்தமல்லி சாலை நெரிசலிலேயே உயிர்காக்கும் நிமிடங்கள் கரையும். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இங்கேதான் கைகொடுக்கிறது. ஆரம்ப, துணை சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8 என 14 மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். ரத்தக்கட்டி மேலும் வளராமல் தடுப்பவை முதல் இரண்டும்.

ஆனால் பக்கவாதத்துக்கு இந்த மாத்திரைகளை வீட்டில் கொடுத்துவிடாதீர்கள்! மூளையில் ரத்தக்கசிவாக இருந்தால் ஆபத்து கூடும். அதை ஸ்கேன்தான் சொல்லும். ரத்தக்கட்டியால் வந்த பக்கவாதம் என்றால், கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நான்கரை மணி நேரமே கெடு. வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால் உடனே 108-ஐ அழையுங்கள்.