அமெரிக்க விவாகரத்துத் தீர்ப்பின் நகல்: பெறுவது எப்படி?

அமெரிக்காவில் விவாகரத்தான பிள்ளைக்கு மறுமணம் பேசும் பெற்றோர் நம் சங்கத்திலும் உண்டு. வரன் வீட்டார் முதலில் கேட்பது தீர்ப்பு நகலைத்தான். என் அண்ணன் மகளுக்காக வாங்கியபோது நான் அறிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

நகல் கிடைக்குமிடம் வாஷிங்டன் அல்ல. வழக்கு நடந்த கவுண்டி. கலிபோர்னியாவில் சுப்பீரியர் கோர்ட், டெக்சாஸில் டிஸ்டிரிக்ட் கிளார்க், நியூயார்க்கில் கவுண்டி கிளார்க். நியூயார்க்கில் சம்பந்தப்பட்டவரின் சம்மதமின்றி மற்றவருக்குத் தரமாட்டார்கள்.

இருவர் பெயர், தீர்ப்பான ஆண்டு, தெரிந்தால் வழக்கு எண் குறித்துக் கட்டணத்தோடு விண்ணப்பியுங்கள். சான்றளித்த நகல் என்றே கேளுங்கள். வெறும் ஜெராக்ஸ் போதாது. பின்பு அந்த மாநில அரசிடம் அப்போஸ்டில் சான்று பெறுங்கள். அதற்கான ஒப்பந்தம் இந்தியாவில் 2005 முதல் நடப்பிலுள்ளது.

முகூர்த்தம் குறிக்குமுன் நகல் கையிலிருக்கட்டும்.