தாயின் குரலும் ரகசிய ஒலிப்பதிவும்: தத்து வழக்குகளில் எழும் புதிய கேள்வி

பெங்களூரு (பீன்யா): ஒருவருக்குத் தெரியாமல் பதிவு செய்யப்பட்ட அவரது பேச்சை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்கலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 14-ஆம் தேதி விடை அளித்தது. பஞ்சாப் மாநிலம் பதிண்டா குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கிய மணமுறிவு வழக்கு அது. மனைவியின் தொலைபேசிப் பேச்சுகளைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்து தாக்கல் செய்திருந்தார். அது தனியுரிமையை மீறும் செயல் எனக் கூறி பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றம் 2021-இல் பதிவைத் தள்ளியது. அந்தத் தீர்ப்பை நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா ஆகியோர் அடங்கிய அமர்வு ரத்து செய்து, பதிவை ஏற்கலாம் என்றது.

தம்பதியர் வழக்கில் பிறந்த இந்த விடை, அவர்களோடு நின்றுவிடப் போவதில்லை. பெற்றவரிடமிருந்து பிரிந்து வளர்ப்புக் குடும்பத்தில் வாழும் குழந்தையை அக்குடும்பமே தத்தெடுக்க விரும்பும்போது, பெற்ற தாயின் பேச்சைப் பதிவு செய்து அவருக்கு எதிராகவே நீட்டினால் என்ன ஆகும்?

கேள்வி எத்தகைய இடத்திலிருந்து எழுகிறது என்பதற்குப் பெங்களூரின் வடமேற்கில் உள்ள பீன்யா தொழிற்பேட்டையைப் பார்த்தால் போதும். சிறிதும் பெரிதுமாக ஆயிரக்கணக்கான ஆலைகள். அவற்றுள் ஆயத்த ஆடை ஆலைகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்கள். தமிழகம், ஒடிஸா, பிகார், உத்தரப் பிரதேசம் எனப் பல மாநிலங்களிலிருந்து பிழைப்புக்காக வந்த குடும்பங்கள் சுற்றுப்புறங்களில் ஒற்றை அறை வாடகை வீடுகளில் வசிக்கின்றன. கணவனால் கைவிடப்பட்ட ஒரு தாய் நோயில் விழுந்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டியோ, சித்தியோ அருகில் இருப்பதில்லை. அத்தகைய குழந்தை, குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். தாய் மாதம் ஒருமுறை வந்து பார்க்கிறாள். "என்னால் இவனை வைத்துக் காப்பாற்ற முடியாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு நாள் அழுகிறாள். மேசைமேல் கிடக்கும் செல்லிடப்பேசி அதைப் பதிவு செய்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியாது.

சட்டத்தின் பார்வையில் அந்தச் சொற்கள் சம்மதம் ஆகா. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு இதில் தெளிவாக உள்ளது. உடல், மன, சமூகக் காரணங்களால் குழந்தையை வளர்க்க இயலாத பெற்றோர், குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையைக் கொண்டுவர வேண்டும். குழு விசாரித்து, ஆலோசனை வழங்கி, அதன் பிறகும் பெற்றோர் உறுதியாக இருந்தால்தான் ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படும். அப்போதும் கதவு மூடப்படுவதில்லை. முடிவை மறுபரிசீலனை செய்ய இரண்டு மாத அவகாசம் உண்டு. நிதானமாகக் குழுவின் முன் கையெழுத்திட்ட தாய்க்கே மனம் மாற இரண்டு மாதம் தரும் சட்டம், அழுகையில் சொன்ன ஒரு வாக்கியத்தால் அவளைக் கட்டிப்போட எண்ணியிருக்க முடியாது.

வளர்ப்புப் பராமரிப்பு என்பது தத்து அல்ல என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அதே சட்டத்தின் 44-ஆவது பிரிவு, குழந்தையின் நலனுக்கு ஊறு இல்லாத வரை பெற்றோர் அவ்வப்போது வந்து பார்க்கலாம் என்றும், அவர்கள் பராமரிக்கத் தகுதி பெற்றதும் குழந்தை வீடு திரும்பலாம் என்றும் கூறுகிறது. ஆனால் 2024-இல் மத்திய அரசு வெளியிட்ட திருத்திய மாதிரி வழிகாட்டுதல்கள், வளர்ப்புக் குடும்பம் குழந்தையைத் தத்தெடுக்கக் காத்திருக்க வேண்டிய காலத்தை ஐந்து ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைத்துள்ளன. குழந்தை நிலையான வீடு பெற இது உதவும் என்பதில் ஐயமில்லை. பெற்ற தாய் தன் காலில் ஊன்றி நிற்கக் கிடைக்கும் காலமும் அதே அளவுக்குச் சுருங்கியுள்ளது. அந்த இரண்டு ஆண்டுகளில் நிகழும் ஒவ்வொரு சந்திப்பும் எதிர்கால வழக்குக்கான சாட்சியமாக மாறும் ஆபத்து இங்கேதான் தோன்றுகிறது.

ராசிபுரம் காட்டிய மறுபக்கம்

அதற்காக ரகசியப் பதிவு எல்லாமே தீங்கு என்று சொல்லிவிட முடியாது. 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர், குழந்தை கேட்டுப் பேசியவரிடம் பாலினத்துக்கும் நிறத்துக்கும் ஏற்ப விலை கூறிய தொலைபேசிப் பதிவு வெளியாகித் தமிழகத்தையே அதிர வைத்தது. பிறப்புச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணமும் அதில் பேசப்பட்டது. கொல்லிமலையின் ஏழைப் பெற்றோரிடமிருந்து குழந்தைகள் வாங்கப்பட்டது விசாரணையில் தெரியவர, வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாற்றப்பட்டது. அந்த ஒலிப்பதிவு இல்லையென்றால் அந்த வலை எத்தனை காலம் நீடித்திருக்குமோ! 2023 நவம்பரில் பெங்களூரு மத்திய குற்றப் பிரிவு போலீஸார் பிடித்த குழந்தை விற்பனைக் கும்பலுக்கும் தமிழகத் தொடர்பு இருந்தது. குழந்தையை விற்பதும் வாங்குவதும் 81-ஆவது பிரிவின்படி ஐந்து ஆண்டுகள் வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றமாகும்.

ராசிபுரத்தில் பதிவு செய்யப்பட்டது வியாபாரியின் குரல். வளர்ப்பு வீட்டில் பதிவு செய்யப்படுவது, சட்டம் அனுமதித்த சந்திப்புக்கு வந்த தாயின் குரல். முன்னது குற்றத்தை வெளிக்கொணர்கிறது. பின்னது, பணமும் வழக்குரைஞரும் உள்ள தரப்புக்கு இரண்டும் இல்லாத தரப்பின்மேல் ஓர் ஆயுதம் தருகிறது. சாட்சியச் சட்டம் இந்த வேறுபாட்டைக் கேட்பதில்லை. மும்பை மரண விசாரணை அதிகாரி ஒருவர் மீதான லஞ்ச வழக்கில் (மல்கானி வழக்கு) 1972-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல்கள் மூன்று: பேச்சு வழக்குக்குத் தொடர்புடையதாக இருக்க வேண்டும், குரல் அடையாளம் காணப்பட வேண்டும், பதிவில் திருத்தம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமும், மின்னணுப் பதிவுடன் சான்றிதழ் இணைக்க வேண்டும் என்ற தொழில்நுட்ப நிபந்தனையையே வலியுறுத்துகிறது. பேசியவர் எந்த நிலையில் பேசினார் என்பதை எடைபோடும் பொறுப்பு விசாரிப்பவரிடமே விடப்பட்டுள்ளது.

இங்கிலாந்தில் 2016-இல் ஒரு தந்தை, மகள் சமூகப் பணியாளரிடம் என்ன பேசுகிறாள் என்பதை அறிய, அவளது உடையில் பதிவுக் கருவியை வைத்துத் தைத்தார். நீதிபதி பீட்டர் ஜாக்சன் பதிவின் உள்ளடக்கத்தைவிட அந்தச் செயலையே முக்கியமாக எடைபோட்டார். அதுவரை தந்தையுடன் வாழ்ந்த சிறுமி தாயிடம் செல்ல உத்தரவிட்டார். குழந்தைகள் தொடர்பான வழக்குகளில் ரகசியப் பதிவை எப்படிக் கையாள்வது என்று அந்நாட்டின் குடும்ப நீதி மன்றக் குழு 2025 மே மாதம் தனி வழிகாட்டுதலே வெளியிட்டது. இந்தியாவின் இளைஞர் நீதிச் சட்டத்தில் இதற்கெனத் தனிப் பிரிவு எதுவும் இல்லை.

இரு தாய்மார்

பெற்ற தாய்க்கும் வளர்த்த தாய்க்கும் இடையிலான வழக்கு ஒலிப்பதிவுகளால்தான் தீர வேண்டும் என்பதில்லை என்பதற்குப் பெங்களூரிலேயே சான்று உண்டு. சாமராஜப்பேட்டை மாநகராட்சி மகப்பேறு மருத்துவமனையிலிருந்து 2020 மே மாதம் ஒரு பச்சிளங்குழந்தை திருடப்பட்டது. வாடகைத் தாய் பெற்றது என நம்பவைக்கப்பட்டு, கொப்பளைச் சேர்ந்த தம்பதியிடம் அது சேர்ந்தது. ஓராண்டுக்குப் பின் உண்மை வெளிப்பட்டபோது, தவறேதும் அறியாத வளர்ப்புத் தாய் உயர் நீதிமன்றத்தை நாடினார். பெற்றவருக்கு வேறு இரு குழந்தைகள் உள்ளனர், தனக்கு ஒருவரும் இல்லை என்பது அவர் தரப்பு வாதம். எண்ணிக்கை பார்த்துப் பங்கிட்டுக் கொடுக்கக் குழந்தைகள் உடைமைகள் அல்ல என்று நீதிபதி கிருஷ்ண எஸ். தீட்சித் 2021-இல் அதை ஏற்க மறுத்தார். வளர்ப்புத் தாய் குழந்தையை ஒப்படைத்தார். அவர் விரும்பும்போதெல்லாம் வந்து பார்க்கலாம் எனப் பெற்ற தாய் இசைந்தார். இருவரும் வெவ்வேறு மதத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது.

அதே 2021-இல் கேரளத்தில், தன் சம்மதமின்றிக் குழந்தை ஒப்படைக்கப்பட்டதாக ஓர் இளம் தாய் போராடினார். தத்துக்கு முந்தைய பராமரிப்பில் ஆந்திரத் தம்பதியிடம் வளர்ந்த குழந்தை, மரபணுச் சோதனைக்குப் பின் நவம்பர் 24-ஆம் தேதி அவரிடமே திரும்பியது. சம்மதம் சரியாகப் பெறப்படாவிட்டால் எல்லாத் தரப்பும் எவ்வளவு துன்பப்படும் என்பதை, குழந்தையை அனுப்பிவிட்டு நின்ற ஆந்திரத் தம்பதியும் அறிந்தனர்.

பீன்யா போன்ற இடங்களில் இருந்து குழுவின் முன் வரும் தாய்மாரில் வழக்குரைஞர் துணையுடன் வருவோர் அரிது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறும் உரிமை அளிக்கிறது. கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையத்தின் அலுவலகம் பெங்களூரு சித்தையா சாலையில் உள்ள நியாய தேகுல கட்டடத்தில் இயங்குகிறது. தன் குரலே தனக்கு எதிராகத் தாக்கல் செய்யப்பட்டதாக அறியும் தாய், அந்தப் பதிவின் முழு நகலையும் கேட்டுப் பெற்று, வெட்டப்பட்ட பகுதி உண்டா என்று சோதிக்கக் கோருவதற்கும் அங்கே துணை பெறலாம்.