தட்டைப் பிடுங்காதீர்கள்

“நாய் சாப்பிடும்போது அவ்வப்போது தட்டில் கையை விடுங்கள். பாதியில் தட்டை எடுத்துவிடுங்கள். அப்போதுதான் வீட்டில் யார் பெரியவர் என்று அதற்குப் புரியும்.” குட்டி வாங்கிய ஒரு வாரத்துக்குள் யாராவது வந்து சொல்லிவிட்டுப் போகிற அறிவுரை இது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பலனோ பெரும்பாலும் நேர்மாறு.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து 2018-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் தட்டைப் பறிக்கிற வீடுகளில் நாய்கள் உறுமுவதும் கடிக்க வருவதும் அதிகம். தட்டில் கூடுதலாக ஒரு நல்ல துண்டைப் போடுகிற வீடுகளில் அது குறைவு. உறுமுகிற நாயாக இருந்ததால்தான் தட்டை எடுக்க வேண்டி வந்ததோ என்று கேட்கலாம். சரியான கேள்விதான், கணக்கெடுப்பு மட்டும் அதற்குப் பதில் சொல்லாது. ஆனால் நாயின் பக்கமிருந்து யோசித்தால் சிக்கல் இல்லை. கை வரும்போதெல்லாம் சோறு போகிறது என்றால் கையைக் கண்டு அது பதறும். கை வரும்போதெல்லாம் கறித்துண்டு விழுகிறது என்றால் வாலை ஆட்டும்.

‘பெரியவர் யார்’ என்ற இந்தப் பேச்சு ஓநாய்களிடமிருந்து வந்தது. 1947-இல் ருடோல்ஃப் ஷென்கெல் கூண்டில் அடைபட்ட ஓநாய்களைக் கவனித்து, அவை தலைமைக்காக ஓயாமல் மோதுகின்றன என்று எழுதினார். 1970-இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் தன் புத்தகத்தில் அதைப் பரப்பினார். பிறகு கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்த அதே மீச், கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999-இல் எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தையும் கேட்டுக்கொண்டார். அறிவியலில் இப்படிப்பட்ட நேர்மை அபூர்வம். அவர் கைவிட்டதை நாய்ப் பயிற்சியாளர்கள் பலர் இன்னும் விடவில்லை.

ஆஸ்திரியாவின் எர்ன்ஸ்ட்பிரன்னில் ஓநாய்களையும் நாய்களையும் ஒரே மாதிரி வளர்த்து ஆராய்கிறார்கள். அங்கே அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து இரை கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் வெளியானது. ஓநாய்களில் எளியதும் முறைத்து நின்று தன் பங்கைத் தின்றது. நாய்களில் வலியது மொத்தத்தையும் வைத்துக்கொள்ள, எளியது ஒதுங்கிப் போனது. ஆக, தட்டைப் பிடுங்கும் வலிய ஆளாக நாம் நின்றால், எளிய நாய் ஒதுங்கக் கற்கிறது, பொறுமையைக் கற்பதில்லை. பெரிய நாயாக இருந்தால் ஒதுங்காமலும் போகலாம்.

ஒதுங்குவது எவ்வளவு நேரம் நிற்கும்? யூலியானே காமின்ஸ்கி குழுவினர் 2013-இல் வெளியிட்ட சோதனையில், தொடக்கூடாது என்று சொல்லி வைத்த உணவை நாய்கள் வெளிச்சத்தில் தொடத் தயங்கின. இருட்டில் நான்கு மடங்கு துணிந்தன. அதட்டலுக்குப் பயந்த பொறுமை நம் முதுகு திரும்பும்வரைதான்.

மாற்று வழியில் அதட்டலே கிடையாது. தட்டை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். நாய் நான்கு காலும் தரையில் பட நிற்கட்டும், உட்கார்ந்தால் இன்னும் நல்லது. மெதுவாகத் தட்டை இறக்குங்கள். பாய்கிறதா? ஒரு வார்த்தையும் பேசாமல் நிமிர்ந்துவிடுங்கள்; தட்டும் மேலே போய்விடும். அடங்கினால் மறுபடி இறக்குங்கள். பாய்ந்தால் சோறு விலகுகிறது, நின்றால் நெருங்குகிறது என்ற கணக்கை அதுவே போட்டுக்கொள்ளும். தட்டு தரையைத் தொட்டபின்னும் கண் இமைக்கும் நேரம் அசையாமல் இருந்தால் உடனே அனுமதிச் சொல்லைச் சொல்லிவிடுங்கள். எந்தச் சொல்லாகவும் இருக்கலாம். வீட்டுப் பேச்சில் அடிக்கடி வராத சொல்லாக, எல்லோரும் சொல்லும் ஒரே சொல்லாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு விநாடி, ஐந்து விநாடி என்று நீட்டலாம். ஏறிக்கொண்டே போகாமல் நடுநடுவே சட்டென்றும் விட்டுவிடுங்கள். தலை தட்டுக்குள் போனபின் அந்தச் சோறு நாயுடையது. அதில் நமக்கு வேலை இல்லை.

கொலைப்பசியில் இருக்கும் நாயிடம் இதைத் தொடங்கக் கூடாது. காலடி ஓசை கேட்டதுமே நாயின் வாயில் எச்சில் ஊறுவதைப் பாவ்லோவ் ஆராய்ந்தார் என்பது பள்ளிப் பாடம். அதாவது தட்டு வருமுன்பே அதன் உடல் சாப்பிடத் தொடங்கிவிடுகிறது. முதலில் கொஞ்சம் உணவைக் கொடுத்துவிட்டு மீதியில் பழக்குவது புத்திசாலித்தனம். வியன்னாவில் நடந்த இன்னொரு ஆய்வில், நாய்கள் ‘அதிக உணவு’க்காகக் காத்திருந்ததைவிட ‘உயர்ந்த உணவு’க்காக நீண்ட நேரம் காத்திருந்தன. உணவிலிருந்து சற்று விலகி நின்று சமாளித்தவை கூடுதலாகத் தாக்குப்பிடித்தன. உங்கள் நாய் தட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கூப்பிட்டுக் கெடுக்காதீர்கள்.

இதைவிடக் கடினம், நாம் சாப்பிடும்போது அதன் கெஞ்சல். அம்மா மறுப்பார், அப்பா மறுப்பார், தாத்தா மட்டும் எப்போதாவது மேசைக்கடியில் ஒரு அப்பளத் துண்டை நீட்டுவார். தாத்தாவைக் கோபித்துப் பயனில்லை என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனால் எப்போதாவது கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைப்பதைவிட வலுவாகப் பழக்கத்தைக் கட்டிப்போடும். லாட்டரிச் சீட்டு வாங்குபவர் நிறுத்தாததும் இதனால்தான். நிறுத்துவதென்றால் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் குரைப்பு முதலில் கூடும், பிறகுதான் குறையும். கூடும்போது மனமிரங்கிக் கொடுத்தால், இன்னும் உரக்கக் குரைக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான். தவிர, சாம்பாரில் கிடக்கும் வெங்காயமும் பாயசத்து உலர்திராட்சையும் நாய்க்கு நஞ்சு.

சில நாய்களுக்கு அடங்காப் பசி பிறவியிலேயே இருக்கிறது. எலினார் ராஃபன் தலைமையிலான கேம்பிரிட்ஜ் குழு 2016-இல் லாப்ரடார்களின் ஒரு மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டது. பிரிட்டன் லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு இந்தக் குறை உண்டு. வயிறு நிறைந்த செய்தி மூளையில் சரியாகப் பதிவதில்லை. அவற்றைப் பேராசைக்காரன் என்று திட்டுவது அநியாயம். இவையும் காத்திருக்கக் கற்கும். அனுமதி கிடைத்ததும் அள்ளி விழுங்கத்தான் செய்யும். அதற்கு மேடுபள்ளம் உள்ள தட்டு உதவும், அல்லது அகலமான தாம்பாளத்தில் உணவைப் பரப்பிவிடலாம். கிரேட் டேன் போன்ற ஆழமான மார்புக்கூடுள்ள நாய்களுக்கு, அவசரமாக விழுங்குவதால் இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டு உயிருக்கே ஆபத்து வரலாம்.

சாப்பிடும் நாயின் அருகே சிறு பிள்ளைகளை விடாதீர்கள். உறுமினால் அடிக்காதீர்கள், உறுமல் அது கொடுக்கும் எச்சரிக்கை. எச்சரித்ததற்கு அடி வாங்கிய நாய், அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக்கூடும். ஏற்கெனவே கடிக்க வருகிற நாயிடம் இந்தப் பயிற்சியை நீங்களாகத் தொடங்க வேண்டாம். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல்வலியோ வயிற்றுவலியோ இருக்கும் நாயும் தட்டருகே சீறும்.