பீப்பாய்த் தொழிற்சாலை, பொம்பேயா, பிரேசில்

இந்தச் செங்கல் கொட்டகைகளில் ஒரு காலத்தில் பீப்பாய் செய்தார்கள், பிறகு குளிர்பதனப் பெட்டி. உற்பத்தி நின்றபின் இடம் செஸ்க் கைக்கு வந்தது. வணிகத்துறை ஊழியர்களின் நலனுக்காக 1946-இல் பிரேசிலில் தோன்றிய அமைப்பு அது. பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்றுதான் முதலில் திட்டம்.

கட்டடக் கலைஞர் லீனா போ பார்டி ஒரு சனிக்கிழமை இங்கே வந்தபோது, ஒழுகும் கூரையடியில் தேங்கிய நீரில் பையன்கள் பந்து விளையாடினார்கள். தாய்மார் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் பொம்மலாட்டம், சுற்றிலும் குழந்தைகள். அக்கம்பக்கத்து மக்கள் இந்த இடத்தை ஏற்கெனவே தங்களுடையதாக்கியிருந்தார்கள். அதைக் கலைக்கக் கூடாது என்று லீனா முடிவெடுத்தார். இந்த வளாகத்தின் மிகச் சிறந்த வடிவமைப்பு அந்த முடிவுதான். சுவர்ப்பூச்சை நீக்கிச் செங்கல்லை வெளிக்காட்டினார்; கொட்டகைகள் 1982-இல் திறந்தன.

பின்னால் தெரியும் கான்கிரீட் கோபுரங்கள் நீச்சலுக்கும் விளையாட்டுக்கும் உரியவை, 1986-இல் முடிந்தன. இடையே நிலத்தடியில் ஓர் ஓடை செல்வதால் அதன்மேல் கட்ட முடியாது. ஆகவேதான் உடை மாற்றுவது ஒரு கோபுரத்தில், ஆடுவது மற்றொன்றில். நடுவே வானப் பாலங்கள். விளையாட்டுக் கோபுரத்தில் ஜன்னல்களாக இருப்பவை கண்ணாடியில்லாத, கோணல்மாணலான துளைகள். காற்று தாராளமாக வருகிறது!

உள்ளே நூலகம், நாடக அரங்கு, கைவினைப் பட்டறைகள், உணவகம், பல் மருத்துவப் பிரிவு எல்லாம் உண்டு. வளாகத்துக்குள் வர யாருக்கும் கட்டணமில்லை. வணிக நிறுவனங்கள் தங்கள் சம்பளப் பட்டியலில் 1.5 சதவீதத்தைச் செஸ்க்குக்குக் கட்டாயமாகச் செலுத்துகின்றன. இந்த வசதிகள் பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன.