கமராவின் மூலப்பதிவுகளும் நாளைய நினைவுகளும்

திருகோணமலை மாவட்ட மக்களுக்கு ஒரு புகைப்படத்தின் பெறுமதியை எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1964 டிசம்பர் சூறாவளி, 1983 இன் பின்னரான இடப்பெயர்வுகள், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலை, 2006 இல் மூதூர் மற்றும் சம்பூர் மக்களின் வெளியேற்றம் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த அழிவுகளில் வீடுகளோடு சேர்ந்து குடும்ப அல்பங்களும் போயின. தமிழராயினும் முஸ்லிமாயினும், தமது பாட்டனாரின் முகத்தைக் காட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லாத குடும்பங்கள் இம்மாவட்டத்தில் உள்ளன. டிஜிட்டல் கமராக்கள் வந்த பின்னர் அந்தக் கவலை தீர்ந்துவிட்டதாகவே பலரும் கருதுகின்றனர். ஒரே படத்தைப் பல பிரதிகள் எடுத்துப் பல இடங்களில் வைக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் கோப்பு பத்திரமாக இருந்தும் அதனைத் திறக்க வழியில்லாது போகும் புதியதொரு ஆபத்து உருவாகியுள்ளது. அதுபற்றி நம்மவர் மத்தியில் போதிய விளக்கம் இல்லை.

இவ்வாபத்து முதலில் ஒரு சிறிய தொழில் இடையூறாகவே தலைகாட்டுகின்றது. பாலையூற்றில் தொழில் செய்யும் ஒரு புகைப்படப்பிடிப்பாளர் கடன்பட்டுப் புதிய கமரா ஒன்றை வாங்குகின்றார் எனக் கொள்வோம். லூர்து அன்னை திருத்தலத் திருவிழாவையோ, கோணேஸ்வரர் ஆலய மகோற்சவத்தையோ, கிண்ணியாவில் நடைபெறும் ஒரு நிக்காஹ் வைபவத்தையோ அதனால் படம்பிடிக்கின்றார். ஸ்ரூடியோவுக்குத் திரும்பிக் கணினியில் இணைத்தால், வழக்கமாகப் பயன்படுத்தும் மென்பொருள் அக்கோப்புகளை ஏற்க மறுக்கின்றது. கமராவில் குறையில்லை. படங்களும் நல்ல நிலையிலேயே உள்ளன. அப்படியாயின் ஏன் திறக்கவில்லை?

இதனைப் புரிந்துகொள்வதற்கு 'றோ' எனப்படும் மூலப்பதிவு என்னவென்பதை அறிதல் வேண்டும். செய்தித்தாள் வாசகர்களுக்குப் பழக்கமான இந்தியப் புலனாய்வு அமைப்பின் பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. சமைக்காத, பதப்படுத்தாத என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லே இது. கமராவின் உள்ளே படச்சுருளின் இடத்தில் இருக்கும் உணரி, தன்மீது விழும் ஒளியின் அளவை மாத்திரமே அறியும். நிறத்தை அது அறியாது. எனவே அதன் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நிறவடிகளுள் ஒன்று பொருத்தப்படுகின்றது. நான்கு புள்ளிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்னும் இவ்வமைப்பை வகுத்தவர் கொடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் ஆவார். 1976 இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இன்றைய கமராக்களுள் மிகப் பெரும்பாலானவை இம்முறையையே பின்பற்றுகின்றன.

உணரி தரும் இவ்வெண்களைக் கமராவே கணித்து, நிறமும் வெளிச்சமும் சேர்த்து, தேவையற்றது எனத் தான் கருதுவதை நீக்கிச் சுருக்கித் தருவதே ஜேபெக் படமாகும். கணிக்காமல், எண்களை அப்படியே பொதிந்து தருவது மூலப்பதிவாகும். ஜேபெக் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளையே கொண்டது. 14 பிட் மூலப்பதிவோ 16,384 படிநிலைகளைக் கொண்டது. மணப்பெண்ணின் கூறைச் சேலைச் சரிகையும் மணமகனின் வெண்பட்டும் ஒரே விளக்கொளியில் அமையும்போதும், கடலைப் பின்னணியாக வைத்து எடுத்த முகம் இருண்டுவிடும்போதும், மறைந்த விபரங்களை மீட்டெடுப்பதற்கு இவ்வேறுபாடே கைகொடுக்கின்றது. பழைய காலத்தின் நெகட்டிவுக்கு ஒப்பானது மூலப்பதிவு என்றால் அது மிகையாகாது.

எனினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. நெகட்டிவை எந்த நிறுவனத்தின் கமராவால் எடுத்திருந்தாலும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உருவம் தெரியும். மூலப்பதிவு அவ்வாறானதன்று. கெனன் ஒரு வகையிலும், நிக்கோன் இன்னொரு வகையிலும், சொனி வேறொரு வகையிலும் எண்களைப் பொதிகின்றன. ஒரே நிறுவனத்தின் இரு கமராக்களுக்கிடையேயும் வேறுபாடு உண்டு. எந்த அளவை முழுக் கறுப்பு எனக் கொள்வது, எந்த அளவில் வெள்ளை நிரம்புகின்றது, அந்த உணரியின் சிவப்பு உண்மையில் எந்தச் சிவப்பு, எண்கள் எவ்வாறு சுருக்கப்பட்டுள்ளன என்பன போன்ற விபரங்கள் கமராவுக்குக் கமரா மாறுபடும். ஆகவே புதிய கமரா சந்தைக்கு வரும்போதெல்லாம், படத்திருத்த மென்பொருளை ஆக்குவோர் அதனைச் சோதித்து, அதற்குரிய தரவுகளைத் தமது பட்டியலில் சேர்த்தல் வேண்டும். அது நிகழும்வரை அந்தக் கமராவின் கோப்பு மென்பொருளுக்கு அந்நியமானதே. சில வேளைகளில் பழைய உணரியே புதிய பெயருடன் வெளிவருவதுண்டு. அப்போதும் பெயர் பட்டியலில் இல்லாத காரணத்தால் மென்பொருள் கதவடைத்துவிடும்.

இத்தகவல்களை உற்பத்தியாளர்கள் வெளிப்படையாகத் தருவார்களாயின் சிக்கல் பெரிதாக இராது. ஆனால் பெரும்பாலானவை வணிக இரகசியமாகவே வைக்கப்படுகின்றன. 2005 இல் நிக்கோன் டி2எக்ஸ் கமராவின் கோப்புகளில் வெண்சமநிலைத் தரவு மறைகுறியாக்கப்பட்டிருந்தமை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. தாம் எடுத்த படத்தின் ஒரு பகுதியைத் தாமே வாசிக்க முடியாதா எனப் புகைப்படப்பிடிப்பாளர்கள் கேள்வி எழுப்பினர். அமெரிக்கரான டேவ் கொஃபின் என்பவர் 1997 முதல் தனியொருவராக எழுதிவந்த 'டிசிரோ' எனும் இலவச நிரல், இவ்வாறான கோப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து திறக்கும் வழியைக் கண்டறிந்தது. பல மென்பொருட்கள் அவரது உழைப்பின் மீதே கட்டப்பட்டன. 2018 உடன் அதன் புதிய பதிப்புகள் நின்றுபோயின. அதிலிருந்து 2008 இல் கிளைத்த 'லிப்ரோ' அப்பணியைத் தொடர்கின்றது. அதே 2018 இல் கெனன் தனது ஈஓஎஸ் எம்50 கமராவுடன் சிஆர்3 என்னும் புதிய வடிவத்தை அறிமுகப்படுத்தியது. 'டார்க்டேபிள்' எனும் இலவசத் திறந்த மூல மென்பொருள் அதனைத் திறப்பதற்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

பணம் கொடுத்து வாங்கும் மென்பொருளில் இத்தாமதம் குறைவு என்பது உண்மை. ஆனால் அங்கே வேறொரு தடை உள்ளது. அடோப் நிறுவனம் 2013 முதல் தனது போட்டோஷொப்பை ஒருமுறை விலைகொடுத்து வாங்கும் முறையிலிருந்து சந்தா முறைக்கு மாற்றியது. முந்திய பதிப்பான சிஎஸ்6 ஐ வைத்திருந்தவர்களுக்குப் புதிய கமராக்களுக்கான ஆதரவு 2015 உடன் நின்றுவிட்டது. டொலரில் விலை குறிக்கப்படும் சந்தா, 2022 இன் நெருக்கடிக்குப் பின்னர் நமது நாட்டவருக்கு எத்தகைய சுமை என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. எங்கோ கிடைத்த உரிமமற்ற பிரதியை வைத்துத் தொழில் செய்பவரின் நிலையோ இன்னும் இக்கட்டானது. அவருடைய மென்பொருள் பழையதாகவே இருக்கும். புதிய கமரா அதற்குத் தெரியவே தெரியாது.

இதுவரை கூறியது இன்றைய தொழிலாளியின் இடர். அடுத்த தலைமுறையின் இடர் இதனினும் பெரிது. கொனிக்கா மினோல்டா 2006 இல் கமராத் தொழிலைக் கைவிட்டது. ஒலிம்பஸ் 2021 இல் தனது கமராப் பிரிவை வேறொரு நிறுவனத்துக்குக் கையளித்தது. 1990 களில் கொடாக் அறிமுகப்படுத்திய 'போட்டோ சிடி' வட்டுகளில் குடும்பப் படங்களைச் சேமித்தவர்கள், பின்னாளில் அவற்றைத் திறக்க மென்பொருள் தேடி அலைய நேர்ந்தது. இன்று இயங்கும் நிறுவனங்கள் அனைத்தும் 50 ஆண்டுகளின் பின்னரும் இயங்கும் என எவரால் உத்தரவாதம் தரமுடியும்?

எழுத்து இருந்தும் வாசிக்க ஆளில்லாத நிலை நமது வரலாற்றுக்குப் புதியதன்று. அசோகன் காலத்துப் பிராமிக் கல்வெட்டுகள் எல்லோர் கண்முன்னும் நின்றன. ஆயினும் நெடுங்காலம் எவராலும் அவற்றை வாசிக்க முடியவில்லை. 1837 இல் ஜேம்ஸ் பிரின்செப் எழுத்துகளை இனங்கண்ட பின்னரே அவை பேசத் தொடங்கின. தமிழை அரபு எழுத்திலே எழுதிய அரபுத் தமிழ் ஏடுகள் இலங்கை முஸ்லிம்களின் அரிய செல்வம். தமிழ் ஒலிகளுக்கென அரபு எழுத்துகளோடு மேலதிகக் குறிகள் சேர்க்கப்பட்ட அந்த எழுத்துமுறையைச் சரளமாக வாசிக்கக் கூடியோர் இன்று அருகிவருகின்றனர். எழுத்தின் இலக்கணம் பலரிடம் இருக்கும்வரையே ஏடு உயிருடன் இருக்கும். கோப்பின் இலக்கணத்தை ஒரு நிறுவனம் மாத்திரம் தன் பெட்டகத்தில் பூட்டிவைப்பது ஏன் ஆபத்தானது என்பதற்கு இவற்றைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கு மாற்றுவழி இல்லாமலில்லை. 2004 செப்டெம்பரில் அடோப் நிறுவனம் டிஎன்ஜி எனும் பொது மூலப்பதிவு வடிவத்தை அறிமுகப்படுத்தியது. அதன் விபரக்குறிப்பு வெளிப்படையானது. எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கமராவைப் பற்றிய அத்தியாவசியத் தரவுகள் கோப்பினுள்ளேயே எழுதப்படுவதால், கமராவின் பெயரை முன்னரே அறிந்திராத மென்பொருளும் அதனைத் திறக்கக்கூடும். லைக்கா, பென்டக்ஸ் போன்ற சில நிறுவனங்கள் நேரடியாகவே இவ்வடிவில் பதிவுசெய்யும் வசதியைத் தந்துள்ளன. அண்ட்ரொயிட் கைத்தொலைபேசிகளில் 2014 முதல் இதற்கு இடமுண்டு. 2020 இல் வந்த அப்பிளின் புரோரோவும் டிஎன்ஜி வடிவமே. பெரும் கமரா நிறுவனங்களான கெனன், நிக்கோன், சொனி ஆகியவை தத்தமது வடிவங்களிலேயே உறுதியாக நிற்கின்றன.

இந்நிலையில் நமது புகைப்படப்பிடிப்பாளர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. கமராவை வாங்கும் முன்னரே, தாம் பயன்படுத்தும் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் அதன் பெயர் உண்டா எனப் பார்த்தல் வேண்டும். இல்லையாயின், ஆதரவு கிடைக்கும்வரை மூலப்பதிவையும் ஜேபெக்கையும் ஒருங்கே பதிவுசெய்யுமாறு கமராவை அமைத்துக்கொள்ளலாம். வைபவத்துக்குரியவர்களிடம் கைவிரிக்கும் நிலை இதனால் ஏற்படாது. கமரா நிறுவனங்கள் தத்தமது கோப்புகளைத் திறக்கும் மென்பொருளை இலவசமாகவே வழங்குகின்றன. அவை வேகம் குறைந்தவையாயினும் அவசரத்துக்கு உதவும். அடோப்பின் டிஎன்ஜி மாற்றியும் இலவசமே. சந்தா செலுத்தாதவரும் அதனைப் பெற்று, புதிய கமராவின் கோப்பைப் பழைய மென்பொருள் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றலாம். டார்க்டேபிள், ரோதெரப்பி ஆகிய இலவச மென்பொருட்களைக் கற்றுக்கொள்வது, உரிமமற்ற பிரதிகளை நம்பியிருப்பதைவிடக் கௌரவமானதும் பாதுகாப்பானதுமாகும். புதிய கமரா ஒன்றின் மாதிரிக் கோப்புகளை இத்தகைய மென்பொருட்களை ஆக்குவோருக்கு அனுப்பிவைத்தால், ஆதரவு விரைவாகக் கிடைக்க நாமும் உதவியவர்களாவோம்.

நீண்டகாலப் பாதுகாப்புக்கு மேலும் ஒரு படி தேவை. முக்கியமான படங்களைத் திருத்தி முடித்த பின்னர் டிஃப் அல்லது உயர்தர ஜேபெக் வடிவிலும் சேமித்தல் வேண்டும். 24 மெகாபிக்சல் படமொன்று 16 பிட் டிஃப் வடிவில் ஏறத்தாழ 144 மெகாபைட் இடத்தை எடுக்கும். அனைத்துப் படங்களையும் இவ்வாறு வைத்திருப்பது இயலாத காரியம். ஆனால் ஒரு திருமணத்தின் 2,000 படங்களுள் குடும்பத்துக்கு என்றும் வேண்டியவை ஐம்பதோ நூறோதான். உலகெங்கும் அழியும் நிலையிலுள்ள ஏடுகளைப் பதிவுசெய்ய 2004 இல் தொடங்கப்பட்ட பிரித்தானிய நூலகத்தின் திட்டமும் பாதுகாப்புப் பிரதிகளுக்கு டிஃப் வடிவத்தையே கையாள்கின்றது. டிஎன்ஜியாக மாற்றும்போது நிறுவனத்துக்கே உரிய சில தரவுகள் விடுபடக்கூடும் என்பதால், வசதியுள்ளோர் மூலக்கோப்பையும் அழிக்காதிருத்தல் நன்று. பிரதிகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் இருத்தல் வேண்டும். ஆழிப்பேரலையைக் கண்ட கரையோர மக்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

தனியார் செய்ய முடிந்தது இவ்வளவே. ஆலயங்கள், பள்ளிவாசல்கள், பாடசாலைகள், உள்ளூராட்சி மன்றங்கள் தமது விழாக்களையும் ஆவணங்களையும் படம்பிடிக்கக் கூலிக்கு அமர்த்தும்போது, பொதுவடிவிலான பிரதியையும் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட பின்னர் ஒற்றைப் பிரதியின் ஆபத்தை நாம் உணர்ந்தோம். 2005 இல் தொடங்கிய 'நூலகம்' போன்ற இணைய முயற்சிகள் அவ்வுணர்வைச் செயலாக்கிவருகின்றன. நூல்களுக்குக் காட்டும் அதே அக்கறை படங்களுக்கும் காட்டப்படல் வேண்டும்.

வாங்குவோர் கேட்காதவரை விற்போர் மாறமாட்டார்கள். அடுத்த கமராவை வாங்கக் கடைக்குச் செல்லும்போது அதன் மெகாபிக்சல் எத்தனை என்பதோடு, அதன் கோப்பை வேறு எவையெல்லாம் திறக்கும் என்ற கேள்வியையும் நாம் கேட்கப் பழக வேண்டும். படத்தை எடுத்தவருக்கும் படத்தில் இருப்பவருக்கும் அதன்மீதுள்ள உரிமை, கமராவைச் செய்தவருக்கு உள்ளதைவிடக் குறைந்ததன்று.